கொம்பு இடம் மாறிய தேன்

நாள்தோறும் ஒரு குறுந்தொகைப் பாடலைத் துறை வாயிலில் எழுதிவைப்பது எங்கள் தமிழ்த்துறையில் நெடுநாளைய வழக்கம். சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் செய்த அப்பணியை இவ்வாண்டு 'ஈ இங்க்' எனப்படும் மின்மைத் திரைக்கு மாற்றினோம்.

கிண்டில் வாசிப்புக் கருவியில் உள்ளது இவ்வகைத் திரையே. நுண்ணிய உறைகளுக்குள் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட கருந்துகள்களும் வெண்துகள்களும் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒரு நிறம் மேலெழும். எழுந்தது மின்சாரம் நின்றபின்னும் அங்கேயே நிற்கும். மின்வெட்டிலும் பாடல் அழியாது என்பதே எங்களை ஈர்த்தது.

இயற்பியல் துறை நண்பர் ஒருவரும் மாணவர் நால்வரும் உடனிருந்தனர். 7.5 அங்குலத் திரை. அகலத்தில் 800, உயரத்தில் 480 புள்ளிகள். நான்கடி முதல் எட்டடி வரையிலான பாடல்களுக்கு இது தாராளம். அதனை ராஸ்பெரி பை சீரோ 2 டபிள்யூ என்னும் சிறு கணினிப் பலகையின் 40 முனைகளில் பொருத்தி, எஸ்பிஐ என்னும் தொடர்புவழியை அமைப்புகளில் இயக்கிவிட்டோம். பைத்தான் நிரல் பாடலைப் படமாக வரைந்து அனுப்பியது. திரை சில விநாடிகள் கறுத்தும் வெளுத்தும் சிமிட்டி அடங்கியது.

எழுத்துகள் சிதறிக் கிடந்தன. 'தேன்' என்ற சொல்லில் தகரத்தின் முன் நிற்கவேண்டிய இரட்டைக்கொம்பு பின்னே சென்று னகரத்தைப் பற்றியிருந்தது. "தமிழுக்கு இது ஒத்துவராது போலிருக்கிறது ஐயா. ஆங்கில எழுத்தில் போட்டுவிடலாமா?" என்றார் ஒரு மாணவர். கேலியாக அன்று, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

உண்மையில் கருவி பிழை எதுவும் செய்யவில்லை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் வகுத்த முறை. யூனிகோடு தமிழைச் சேமிப்பதும் அம்முறையிலேயே: முதலில் தகரம், அடுத்து ஏகாரக் குறி. கொம்பை முன்னே இடுவது ஒலியின் வழக்கன்று, எழுதும் கையின் வழக்கு. வகுப்பில் பலமுறை சொல்லியும் மனத்தில் தைக்காத இவ்வேறுபாடு, அன்று கலைந்த திரையில் மாணவர் கண்முன் நின்றது.

ஒலிவரிசையை எழுத்துவரிசையாக்க ஓர் இடையாள் வேண்டும். படம் வரையும் பில்லோ நிரலுக்கு அவ்வேலையைச் செய்வது ராக்ம் என்னும் நிரலகம். அதற்குள் இருந்து எழுத்தை அமைப்பது ஹார்ஃப்பஸ். எங்கள் பலகையில் இல்லாதிருந்த ராக்மை நிறுவி, நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தோம். கொம்பு தன்னிடம் சேர்ந்தது, தேன் தேனாயிற்று.

எந்தக் குறி எங்கே நிற்கவேண்டும் என்று தமிழறிந்த யாரோ முன்பே அமர்ந்து விதி எழுதியிருக்கிறார்கள். இலக்கணம் கற்பிக்கும் நாம் அந்த மேசைக்கு அருகில்கூடச் சென்றதில்லை. ஆங்கில எழுத்துக்கு மாறிவிடலாம் என்ற யோசனை பிறந்தது, நிறுவப்படாத ஒரு நிரலகத்தால். மொழியின் இயலாமை என்று நாம் கைவிட்டவற்றுள் இத்தகையவை எத்தனையோ.