சிறிய சக்கரமும் வேளாங்கண்ணிப் பாதையும்

ஆகஸ்டு மாதத்தின் பிற்பகுதியில் தஞ்சைத் தரணியின் சாலைகள் தனியொரு கோலம் கொள்கின்றன. காவி உடை உடுத்து, கழுத்தில் செபமாலை அணிந்து, மாதாவின் சுரூபம் தாங்கிய சிறு தேரை முன்னே தள்ளிக்கொண்டு, கூட்டங்கூட்டமாய் மக்கள் கிழக்கு நோக்கி நடக்கிறார்கள். வேளாங்கண்ணிப் பேராலயத்தில் ஆகஸ்டு 29ஆம் நாள் மாலை கொடியேறும். செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா நடைபெறும். இதற்காகவே அத்தனை கால்களும் நடக்கின்றன.

சென்ற ஆண்டு அதே பாதையில் நாங்கள் காரில் சென்றோம். எண்பத்திரண்டு வயதான என் தாயார் பெரிய அறுவை மருத்துவத்திற்குப் பின் எழுந்தவர். கொடியேற்றத்தைக் கண்ணால் காண்பதாக நேர்ந்திருந்தார். அடுத்த ஆண்டை எவர் அறிவார்? ஆகவே நண்பகலில் திருச்சியை விட்டுப் புறப்பட்டோம். என் மகன் காரை ஓட்டினான்.

தஞ்சை, சாலியமங்கலம், அம்மாப்பேட்டை கடந்து, கரிகாலன் போர் வென்ற வெண்ணி எனப்படும் கோவில்வெண்ணியை நெருங்கினோம். நடந்து செல்வோருக்கு வழிவிடக் காரைச் சாலையோரம் ஒதுக்கியபோது, கூரிய கருங்கல் ஒன்று முன்பக்க இடது டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. தரையில் உருளும் பகுதியில் ஆணி தைத்தால் அங்கேயே அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தாலோ அடைக்க வழியில்லை. சக்கரத்தையே மாற்றியாக வேண்டும்.

பின்புறப் பெட்டியைத் திறந்து மாற்றுச் சக்கரத்தை எடுத்தபோதுதான் அதை முதன்முறையாகப் பார்த்தோம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. காரின் மற்ற நான்கும் 16 அங்குலச் சக்கரங்கள். இதுவோ 15 அங்குலம், அகலமும் பாதியை விடச் சற்றே கூடுதல். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லற்க என்று மஞ்சள் தாளில் எழுதி ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் டயர் உள்ளே குழிந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒருமுறையும் காற்று அடைத்ததில்லை. எண்ணெய் எடுத்துச் செல்லாத ஐந்து கன்னியரின் நினைவு வந்தது எனக்கு.

"ஸ்டெப்னியில் காற்று இல்லையா, ஐயா?" என்று கேட்டபடி ஓர் உள்ளூர் இளைஞர் இருசக்கர வண்டியை நிறுத்தினார். என் மகன் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் அமர்ந்து பங்ச்சர் கடைக்குச் சென்றான். வழக்கமான டயருக்கு அடைப்பதுபோல் 33 பவுண்டு அடைக்கும்படி கேட்டிருக்கிறான். கடைக்காரர் டயரின் பக்கத்தைத் துடைத்து, அதில் பொறித்திருந்த எழுத்துகளைப் படித்துவிட்டு, "இதற்கு 60 என்று போட்டிருக்கிறதே, தம்பி" என்றாராம். குறுகிய டயர் காரின் பாரத்தைத் தாங்க அவ்வளவு அழுத்தம் வேண்டும். எங்கள் வண்டியைப் பற்றி எங்களை விட அவர் கவனமாயிருந்தார்.

ஸ்டெப்னி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் 1904ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். அது முழுச் சக்கரமன்று. ஆரங்கள் இல்லாத வளையத்தில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதான சக்கரத்தின் பக்கத்தில் இறுக்கிப் பூட்டுவார்கள். ஆக, ஸ்டெப்னி பிறந்ததே தற்காலிக உதவிக்காகத்தான்.

இனி, சிறிய சக்கரத்தை எங்கே பூட்டுவது? பழுதானது முன்சக்கரம். எங்கள் காரில் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கே செல்கிறது. பெரிய சக்கரத்தின் உயரம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர். சிறியதன் உயரம் 581. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சிறியது 44 சுற்றுகள் கூடுதலாகச் சுழலும். விசை பெறும் இரு சக்கரங்கள் இவ்வாறு ஒவ்வாமல் சுழன்றால், அவற்றின் நடுவேயுள்ள பற்சக்கரங்கள் ஓயாமல் தேய்ந்து சூடேறும். ஸ்டியரிங்கும் ஒருபுறம் இழுக்கும். ஆகவே பின்புறத்து நல்ல சக்கரத்தைக் கழற்றி, அவ்விடத்தில் சிறியதைப் பூட்டி, கழற்றிய பெரியதை முன்னே மாட்டினோம். வேலை இரட்டித்தது. நடைப்பயணிகள் நால்வர் தேரை ஓரமாய் நிறுத்திவிட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, எங்களோடு மண்ணில் முழங்காலிட்டு நட்டுகளை இறுக்கினார்கள். பிறகு, நன்றியைக்கூட நின்று கேளாமல் நடந்துவிட்டார்கள்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது திறந்தபோது மணி ஐந்து. இன்னும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் இருந்தது. "நூறில் போனால் கொடியேற்றத்தைப் பிடித்துவிடலாம், அப்பா" என்றான் மகன். என் மனமும் அதையே விரும்பியது. தாயாரின் நேர்ச்சை அன்றோ!

அப்போது தாயார் சொன்னார்: "நமக்கு நட்டு முடுக்கினவர்கள் இந்தச் சாலையில்தான் நடந்து வருகிறார்கள், ஐயா. அவர்கள்மேல் வண்டி போய்விட்டால் நான் மாதாவிடம் என்ன சொல்வேன்? மெதுவாகவே போ."

ஒருவரும் மறுமொழி பேசவில்லை. சிறிய சக்கரம் தரையைப் பற்றுவது குறைவு. பிரேக் போட்டால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். ஐம்பதைத் தாண்டாமல் கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல், நாகை என ஒவ்வோர் ஊராய்க் கடந்தோம். பசுமை பூத்த வயல்களும், வாய்க்கால் கரையில் இளைப்பாறிய பயணிகளும், அவர்கள் பாடிய மாதா பாடல்களும் அன்றுதான் எங்களுக்குப் புலப்பட்டன. வழிநெடுகச் செபமாலை சொல்லிச் சென்றோம்.

வேளாங்கண்ணியை அடைந்தபோது இருட்டிவிட்டது. கொடி ஏறி முடிந்திருந்தது. தாயார் என் கையைப் பற்றியபடி அண்ணாந்து, கடற்காற்றில் படபடத்த கொடியை நெடுநேரம் பார்த்தார். ஏறுவதைக் காணவில்லையே என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கன்னத்தில் மட்டும் கண்ணீர் வழிந்தது. மறுநாள் காலை நாகையில் புதிய டயர் வாங்கிப் பூட்டி, சிறியதை அதன் இடத்தில் வைத்தோம்.

கார் வாங்கும் குடும்பத்தினர் மாற்றுச் சக்கரத்தின் அளவைக் கேட்டறிவது நலம். வளையத்தின் அளவு மட்டும் வேறாயிருப்பதில் தீங்கில்லை. 195/55 ஆர் 16 டயரும் 185/65 ஆர் 15 டயரும் மொத்த உயரத்தில் ஏறத்தாழ ஒன்றே. உயரம் குறைந்ததாயின் அடுத்த பட்டறை வரை மட்டுமே அதனை நம்பலாம். சிறிய வளையம் முன்பக்கப் பிரேக்கில் இடிக்காமல் பொருந்துமா என்பதையும் கேளுங்கள். காற்றழுத்தம் காட்டும் கருவியும் பழுது நீக்கும் பொருள்களும் இருந்தால் காரில் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என 2020இல் விதி திருத்தப்பட்டது. ஆயினும் பக்கச்சுவர் கிழிந்தால் அப்பொருள்கள் உதவா.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படுமுன் பின்பெட்டியைத் திறந்து, அந்தச் சிறிய சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.