விநாடி முள் எங்கே?

நேயர்களே, தங்கள் மணிக்கட்டில் கைக்கடிகாரம் இருக்கிறதா? இருந்தால் ஒரு தயவு செய்யுங்கள். அதை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு, உடனே கண்ணை மூடிக்கொண்டு மணி என்னவென்று சொல்லுங்கள். தடுமாறுகிறீர்களா? குற்றம் தங்களுடையதல்ல, கடிகாரத்தினுடையது.

"இந்தப் பரீட்சை வைக்க நீர் யார்?" என்று கேட்கலாம். ஊத்தங்கரைக்காரன், ஐயா! மாம்பழத்துக்குக் கிருஷ்ணகிரி என்றால், கடிகாரத்துக்கு எங்கள் ஜில்லாவின் ஓசூர். டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமும் கூட்டாக 1984-ல் ஆரம்பித்த டைட்டன் கம்பெனி அங்கேதான் தொழிற்சாலை வைத்தது. 2002-ல் அவர்கள் 'எட்ஜ்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். அதன் மொத்தப் பருமனே மூன்றரை மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர்! அழகுக்காகத்தான் மெலிய வைத்தார்கள் என்று நினைத்திருந்தேன். அழகு மட்டுமல்ல, சட்டைக் கை அதில் மாட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்காது என்பது பிறகுதான் புரிந்தது.

பொருள் மனிதனுக்கு இணங்க வேண்டுமா, மனிதன் பொருளுக்கு இணங்க வேண்டுமா என்று விசாரிக்கும் சாஸ்திரம் ஒன்று உண்டு. எர்கனாமிக்ஸ் என்பார்கள், தமிழில் பணிச்சூழலியல். யாஸ்ட்ரெம்போவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் (நாக்கு சுளுக்கிக்கொண்டால் நான் பொறுப்பல்ல) 1857-லேயே அதற்குப் பெயர் சூட்டிவிட்டார். அந்த சாஸ்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடிகாரக் கடைக்குள் நுழைந்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

தங்க நிற முகத்தில் தங்க நிற முள்; வெயிலில் இரண்டும் ஒன்றாகிவிடும். எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் நாலு கல். நிமிஷ முள்ளோ விளிம்புக் கோட்டைத் தொடாமல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சாவி கொடுக்கும் திருகு பெரிதாக இருந்தால், கையை ஊன்றி எழும்போதெல்லாம் புறங்கையில் குத்தும். அது வலப் பக்கம் இருப்பதே இடக்கையில் கட்டுகிறவர்களுக்காக. இடக்கைக்காரர்களை யார் கேட்டார்கள்? நம் ஊர் வியர்வைக்குத் தோல் வார் எத்தனை நாள் மணக்கும் என்பதைப் பற்றி எழுதாமலிருப்பதே மரியாதை.

ஒரு காலத்தில் மேல்நாட்டு ஆண்கள் சட்டைப் பையில்தான் கடிகாரம் வைத்தார்கள். மணிக்கட்டில் கட்டுவது பெண்களின் ஆபரணம். 1914-ல் மூண்ட உலக யுத்தத்தில், பதுங்கு குழியில் இருந்த சிப்பாய்க்குப் பையைத் துழாவ நேரமில்லை. அதனால்தான் அது ஆண்களின் கைக்கும் ஏறிற்று. சௌகரியம் நாகரிகமாயிற்று. பிறகு நாகரிகம் சௌகரியத்தை மறந்துவிட்டது.

நானும் மறந்தேன்.

என் தாயார் கிராம சுகாதார செவிலியர். போன வருஷம் அவர் பிறந்த நாளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தேன். வளையல் மாதிரி பட்டை, பொத்தான் அளவு முகம், சுற்றிலும் கற்கள். "எதுக்குடா இவ்வளவு செலவு?" என்றார். ஆனாலும் அன்றிலிருந்து கையிலேயே கிடந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எதிர் வீதிப் பெண் ஒருத்தி எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "நர்சம்மா, ரெண்டு நாளா இருமுறான். இன்னிக்கு மூச்சு வேகமா இருக்கு, பாருங்க." அம்மா குழந்தையை மடியில் கிடத்தி, சட்டையை மேலே தூக்கினார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு ஒன்றும் பேசாமல், "பீரோவுல மேல் தட்டு, உங்க அப்பா வாட்ச் எடுத்துட்டு வா" என்றார்.

என் பரிசில் விநாடி முள் இல்லை!

இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தை நிமிஷத்துக்கு ஐம்பது தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் நிமோனியாவாக இருக்கலாம். அதை முழுதாக ஒரு நிமிஷம், குழந்தை அழாமல் இருக்கும்போது எண்ண வேண்டும். உத்தேசக் கணக்கு உதவாது. அம்மா, காலஞ்சென்ற அப்பாவின் பழைய எச்.எம்.டி.யைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினார். ஐம்பத்தெட்டு. உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்து அனுப்பினார். நானும் கூடப் போனேன். ஐந்தாம் நாள் குழந்தை வீடு திரும்பியது.

அன்று இரவு படுத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த எச்.எம்.டி. தினமும் கையால் சாவி கொடுக்க வேண்டிய ரகம். பீரோவிலிருந்து நான் எடுத்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது! மூன்று மாதமாக அம்மா காலையில் அதற்குச் சாவி கொடுத்து, பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போயிருக்கிறார். எனக்காகக் கையில் ஒன்று. குழந்தைகளுக்காகப் பையில் ஒன்று.

மறுநாள் காலை, "ஏம்மா சொல்லலே?" என்று கேட்டேன்.

"நீ ஆசையா வாங்கினது. அழகாத்தானே இருக்கு?"

அடுத்த சம்பளத்தில் அவரையே ஓசூருக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் பளபளவென்று பத்துப் பன்னிரண்டைப் பரப்பினார். அம்மா ஒன்றையும் தொடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கண்ணாடி இல்லாம எனக்கு எது தெரியுதோ, அதைக் காட்டுங்க. விநாடி முள் இருக்கணும். ஒத்தைக் கையாலே மாட்ட வரணும்" என்றார். எர்கனாமிக்ஸ் வாத்தியாரே வந்துவிட்டார் போலிருந்தது. வெள்ளை முகம், கறுப்பு எண்கள், சிவப்பு விநாடி முள், இழுத்தால் விரியும் ஸ்டீல் பட்டை. விலையும் என் பரிசில் பாதிதான்.

கற்கள் வைத்ததை என்ன செய்வது என்று பஸ்ஸில் கேட்டேன்.

"கல்யாணத்துக்குக் கட்டிக்கிறேன்டா" என்றார் அம்மா. "அங்கே மணி பார்க்கிற வேலை ஐயருக்குத்தானே?"