மிளகும் பேரேடும்

உலக சரித்திரம் என்றவுடன் நம்மிற் பலர்க்கு முடிகளும் படைகளுமே நினைவிற்கு வரும். இன்ன ஆண்டில் இன்ன பேரரசு எழுந்தது, இன்ன ஆண்டில் வீழ்ந்தது என்று மனப்பாடஞ் செய்து, தேர்வெழுதிப் பின் மறந்துவிடுகின்றோம். யாமும் அங்ஙனமே செய்துவந்தோம். சென்ற கோடை விடுமுறையில் எம் தந்தையாரின் பலசரக்குக் கடையில் அமர்ந்து கணக்கெழுத நேர்ந்த பின்னரே, யாம் படித்த சரித்திரத்தில் ஒரு பாதி விடுபட்டிருந்தமை எமக்குப் புலப்பட்டது. அதனை நண்பர்கட்கு உரைக்க விழைகின்றோம்.

எந்தையாரின் கடை நாஞ்சில் நாட்டுச் சந்தையொன்றில் உள்ளது. உண்மையை மறைப்பானேன்? அக்கடையைப்பற்றி யாம் நாணங்கொண்டிருந்த காலமும் உண்டு. உடன் பயில்வோர் தத்தம் தந்தையரின் உத்தியோகங்களைக் கூறுங்கால், யாம் 'வியாபாரம்' என்று மட்டும் மொழிந்து பேச்சை மாற்றிவிடுவோம். கடையின் நடுவே ஒரு மேசை; மேசைமேல் சிவப்பு அட்டையிட்ட பேரேடு. அதில் ஒரு பக்கம் முழுதும் மலையடிவாரத்து முதியவர் ஒருவர் பெயரில் இருந்தது. சிறிய மிளகுத் தோட்டம் உடையவர் அவர். தை, மாசி மாதங்களில் மிளகு உலர்ந்ததும் மூட்டைகளோடு வருவார். மழைக்காலத்தில் பணமுடை நேரின் வெறுங்கையோடும் வருவார்; அடுத்த விளைவின்மேல் முன்பணம் பெற்றுச் செல்வார். முப்பது ஆண்டுகளாக அவ்விருவர்க்கும் இடையே கையொப்பமிட்ட தாள் ஒன்றுமில்லை. அப்பேரேடு ஒன்றே சாட்சி.

இவ்வளவு பழைய முறையா என்று யாம் உள்ளத்துள் நகைத்தோம். பின்னர்ப் படித்தவை அந்நகைப்பை அடக்கின. கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பாப்பிரஸ் ஏடொன்று இன்று வியன்னா நகரத்தில் உள்ளது. அது முசிறி வாணிகத்தின் பொருட்டுப் பெற்ற கடனைப்பற்றியது. சரக்கை எகிப்து நாட்டின் வழியே அலெக்சாண்டிரியாவிற்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பும், நாலில் ஒரு பங்கு சுங்கமும் அதிற் குறிக்கப்பட்டுள்ளன. பொன்னொடு வந்த யவனர் மரக்கலங்கள் முசிறியில் மிளகு ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றிலும் உண்டு. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களைத் தம் நாட்டினின்று ஈர்த்துக்கொள்கின்றதென்று ரோமாபுரிப் பிளினி வருந்தினார். 408 ஆம் ஆண்டில் அலாரிக் என்பான் ரோமாபுரியை முற்றுகையிட்டான். அதனை நீக்குதற்கு நகரத்தார் கொடுக்க இசைந்த பொருள்களுள் 3,000 ராத்தல் மிளகும் ஒன்று. 410 இல் நகரம் சூறையாடப்பட்டது. மேற்கு ரோமப் பேரரசும் அந்நூற்றாண்டிலேயே மறைந்தது. ஆயின் மிளகுக்கொடி மறையவில்லை. கடனுங் கணக்கும் மறையவில்லை.

12 ஆம் நூற்றாண்டில் துனிசியாவைச் சார்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகர் மங்களூரில் பல்லாண்டு வாழ்ந்தார். அவர்க்கு ஏடன் துறைமுகத்துக் கூட்டாளிகள் வரைந்த கடிதங்கள் கெய்ரோ நகரத்து யூத ஆலயத்திற் கிடைத்துள்ளன. ஏலக்காய்க்கு முன்பணம் பெற்ற உள்ளூர் வணிகர் ஒருவர் சரக்கை அனுப்பாமையைப் பற்றிய முறையீடும் அவற்றுள் உண்டு. எந்தையாரின் பேரேட்டைப் புரட்டிய கையோடு இதனைப் படித்த எமக்கு, எண்ணூறு ஆண்டுகள் கண்முன்னே சுருங்கிப் போயின.

இனி மாறியது யாது? 1498 இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின், கடலிற் செல்லும் மரக்கலங்கள் போர்த்துக்கீசியரிடம் அனுமதிச்சீட்டுப் பெறல் வேண்டும் என்னும் விதி எழுந்தது. நம்பிக்கை நின்ற இடத்திற் பீரங்கி வந்து நின்றது. 1602 இல் தோன்றிய ஒல்லாந்தர் கம்பெனி 1663 இற் கொச்சியைக் கைப்பற்றியது. மிளகைத் தனக்கே, தான் குறித்த விலைக்கே விற்க வேண்டுமென்று அரசர்களோடு உடன்படிக்கை செய்தது. 1741 இற் குளச்சற் போரில் மார்த்தாண்ட வர்மர் அவர்களை வென்றார்.

பள்ளிச் சிறுவராய் இருந்தபோது குளச்சற் கடற்கரையிலுள்ள வெற்றித்தூணின் முன் நின்று யாம் கைகொட்டி ஆரவாரித்தது நினைவிருக்கின்றது. அவ்வெற்றி மெய்யே. ஆயினும் அதன் பின்னர் நிகழ்ந்ததனை அன்று எமக்கு எவரும் உரைத்திலர். வென்ற வேந்தரும் மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமையாகவே ஆக்கினார். கொள்வோர் மாறினர், பிறர் குறித்த விலைக்குக் கொடுக்கவேண்டிய குடியானவன் நிலை மாறவில்லை. ஒல்லாந்தர் கம்பெனி 1799 இலும் ஆங்கிலக் கம்பெனி 1874 இலும் முடிவெய்தின. அவற்றின் முடிவைச் சரித்திர நூல்கள் எழுதின. மலையடிவாரத்துக் குடியானவனின் கணக்கை எவர் எழுதினார்?

சென்ற விடுமுறையில் இவ்வினா எம் வாயிலிலேயே வந்து நின்றது. இன்று உலகில் மிளகை மிகுதியாக விளைவித்து விற்கும் நாடு வியட்நாம். தரகர் ஒருவர் கைபேசியில் அந்நாட்டு மிளகின் விலையைக் கூறினார். அஃது எம் மலைமிளகின் விலையினுங் குறைவு. முதியவரின் கொடிகளோ வாடல் நோயால் இரண்டாண்டுகளாகப் பட்டுப்போயின. முன்பணம் நிலுவையில் நின்றது. யாம் கற்றவர் என்னும் செருக்கினால், "அப்பா, அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள், இனி அவருக்குப் பணம் கொடுக்க வேண்டா" என்றோம். எந்தையார் மறுமொழி கூறவில்லை. வியட்நாம் மிளகில் இரண்டு மூட்டை வாங்கினார். வாங்குவோர் விலையையே நோக்குவர் என்பதை அவர் நன்கறிவார்.

ஒருநாட் காலையில் முதியவர் வந்தார். தோளில் ஒரு சிறு சாக்குப்பை மட்டுமே. "இவ்வளவுதான் தேறிச்சு, முதலாளி, எழுதிக்கிடுங்க" என்று மேசைமேல் வைத்தார். மூலையில் இருந்த அயல்நாட்டு மூட்டைகளை அவர் கண்டார், ஒன்றும் வினவவில்லை. தம் மகன் எஞ்சிய கொடிகளையும் வெட்டிவிட்டு ரப்பர் நடப்போவதாக மட்டுங் கூறினார். எந்தையார் தராசை எம்மிடம் தள்ளி, "நிறுத்து எழுது, மக்களே. மலைமிளகு விலையே போடு. பாக்கியைக் கீழே எழுது, பக்கத்தை மூடாதே" என்றார். நிறுத்தோம், நான்கு கிலோவிற்குச் சற்றே மிகுதி. எழுதுங்கால் எம் கை நடுங்கியது. யாம் அடித்துவிடச் சொன்னது ஒரு கணக்கையன்று, ஒரு மனிதரை என்பது அப்பொழுதே விளங்கிற்று.

எந்தையாரின் செயல் அக்கொடிகளைக் காக்கப்போவதில்லை. அடுத்த தை மாதத்தில் முதியவர் வருவாரோ, வாராரோ, அறியோம். உலகச் சந்தையின் விலையை எம் சிறு கடை தடுத்து நிறுத்தவும் இயலாது. ஆயினும் பேரரசுகள் பல தோன்றி மறையவும் வாணிகம் அறுபடாமல் வந்தமைக்கு, கொடுத்தவரும் கொண்டவரும் ஒருவர் சொல்லை ஒருவர் காத்து நின்றதும் ஒரு காரணம் என்று துணிகின்றோம். சரித்திரம் பயிலும் நண்பர்கள் முடிமன்னர் பெயர்களோடு, மிளகு உலர்த்தியவனுக்கு என்ன கிடைத்தது என்பதனையும் வினவுவாராக.

விடுமுறை கழிந்து கல்லூரிக்கு மீண்டபின், எந்தையார் என்ன தொழில் செய்கிறார் என்று புதிய மாணவர் ஒருவர் வினவினார். "பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்" என்றோம். இம்முறை பேச்சை மாற்றவில்லை.