தலைகீழ்ப் பிரமிடுகளின் நிழலில்

மேற்கு ஆப்பிரிக்காவின் மழை சாய்ந்து அடிக்கும். கொட்டத் தொடங்கினால் பத்தடி தூரத்தில் நிற்பவர் முகம் தெரியாது. அந்த மழையை நனையாமல் நின்று பார்க்க, நைஜீரியாவின் இஃபே பல்கலைக்கழகத்தில் எனக்குப் பிடித்த இடம் கலைப்புலக் கட்டடம். நான் வேதியியல் துறைக்காரி. அங்கே எனக்கு வேலை எதுவும் கிடையாது. இருந்தாலும் வானம் கறுத்தால் என் கால்கள் அந்தப் பக்கம்தான் போகும்.

பிரமிடைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் இருக்கும் அந்தக் கட்டடம். அடியில் ஒடுக்கம், மேலே போகப் போக ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும். மேல்மாடியின் நீட்டலே கீழ்மாடிக்கு வெயில் மறைப்பு, சாரல் தடுப்பு. தரைமட்டத்தைத் திறந்து விட்டிருப்பார்கள். காற்று தங்குதடையின்றிப் போய்வரும். வரைந்தவர் ஆரியே ஷரோன். ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் படித்த இஸ்ரேலியக் கட்டடக்கலைஞர். குளிர்சாதனத்தை நம்பாமல், அந்த மண்ணின் வெயிலையும் மழையையும் கணக்கில் எடுத்துக் கட்டிய கட்டடம் அது. இன்று நம்மூரில் எழும்பும் கண்ணாடிக் கட்டடங்களைக் கடந்து போகும்போதெல்லாம் மனம் அங்கே ஓடிவிடுகிறது.

அந்தப் பல்கலைக்கழகம் பிறந்ததே ஒரு பிடிவாதத்தில்தான். 1960இல் விடுதலை பெற்ற நைஜீரியாவின் உயர்கல்விக்கு வழி சொல்ல அமைந்த ஆஷ்பி குழு, மேற்கு மண்டலத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கவில்லை. குழுவில் இருந்த சன்யா ஒனபமிரோ தன் மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தார். மண்டல அரசு 1961இல் தானே சட்டம் இயற்றியது. 1962 அக்டோபரில் இபாதான் நகரில், ஒரு தற்காலிக வளாகத்தில் 244 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. 1967 ஜனவரியில் குன்றுகளுக்கு நடுவே எழுந்த இஃபே வளாகத்துக்கு எல்லாரும் இடம்பெயர்ந்தார்கள். 1966 முதல் 1975 வரை துணைவேந்தராக இருந்து அதை வளர்த்தெடுத்தவர் ஹெசெக்கையா ஒலுவசன்மி. 1975இல் கூட்டாட்சி அரசு பல்கலைக்கழகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இருந்தும் ஊர்க்காரர்கள் பேச்சில் அது கடைசிவரை 'நம்ம பல்கலைக்கழகம்'தான்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மேற்கு மண்டலத்தின் செல்வம் கோகோ. விவசாயியிடம் கொள்முதல் வாரியம் ஒரு விலைக்கு வாங்கும். உலகச் சந்தையில் அதைவிடக் கூடுதலாக விற்கும். நடுவே மிஞ்சிய பணம் அரசின் திட்டங்களுக்குப் போனது. 1955இல் வந்த இலவசத் தொடக்கக் கல்விக்குப் பின்னாலும் கோகோ உண்டு, இந்த வளாகத்துக்குப் பின்னாலும் கோகோ உண்டு. ஆனால் விவசாயியின் பங்கு குறைந்துகொண்டே போக, வரி மட்டும் ஏறியது. 1968இலும் 69இலும் 'அக்பெகோயா' என்ற பெயரில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஒவ்வொரு கண்ணாடிக் குடுவையிலும் யாரோ ஒரு கோகோ விவசாயியின் உழைப்பு இருந்தது. முதலாண்டு வகுப்பில் குடுவையை உடைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் குடும்பத்தோடு இஃபேக்குப் போனது எழுபதுகளின் கடைசியில். எண்ணெய்ப் பணம் பெருகிய காலம், புதிய பல்கலைக்கழகங்கள் திறந்தபடி இருந்தன, ஆசிரியர்கள் போதவில்லை. இந்தியா, இலங்கை, கானா, பிரிட்டன் என்று பல நாட்டவரும் வந்து சேர்ந்தோம். ஆசிரியர் குடியிருப்பில் ஓட்டு வீடு, முன்னால் மாமரம். ஊரே என்னை என் பெண்ணின் பெயரோடு 'இயா', அதாவது அம்மா, சேர்த்துத்தான் கூப்பிட்டது. காலையில் எதிர்ப்படும் மாணவிகள், கையில் புத்தகத்தோடு முழங்கால் லேசாக மடித்து வணங்கிவிட்டுத்தான் போவார்கள். டிசம்பரில் ஹர்மத்தான் காற்று சகாராவின் தூசியை அள்ளி வரும். குன்றுகள் மறைந்துபோகும், உதடு வெடிக்கும், விடியலில் உடல் போர்வை தேடும்.

மாலையில் வாயில் பக்கம் ஒரு அம்மா அகாரா போடுவார். காராமணியை ஊறவைத்து, தோலைக் கசக்கிக் களைந்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து அரைத்த மாவு. அதை நுரைக்க நுரைக்க அடிப்பார். அடித்துக்கொண்டே எண்ணெய் காய்ந்ததா என்று பார்ப்பார். கரண்டியால் வழித்து விட்டால் பொன்னிறமாக உப்பி வரும். செய்தித்தாளில் பொதிந்து தருவார். வீடு வந்து சேருவதற்குள் என் பெண் பாதியைத் தீர்த்திருப்பாள். இங்கே காராமணி வாங்கி எத்தனையோ முறை செய்து பார்த்தாயிற்று, அந்த மென்மை வரவில்லை.

என் மனம் அதிகம் தங்குவது மருந்தியல் புலத்துப் பக்கம். அந்தப் பகுதியின் யோருபா மக்கள் பல் துலக்கும் குச்சிகளில் ஒன்று 'ஓரின் ஆட்டா'. மென்றால் காரமாக நாக்கு மரத்துப்போகும். அதன் வேர்ச்சாறு, அரிவாள் வடிவில் வளைந்துபோன சிவப்பணுக்களை ஆய்வுக்குழாயில் பழைய வடிவத்துக்குத் திருப்புகிறது என்று அபயோமி சொஃபோவோராவும் உடன் உழைத்தவர்களும் எழுபதுகளின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். அரிவாளணுச் சோகை மேற்கு ஆப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு தெரிந்த துயரம். ஊர்க் கிழவர் காலையில் மெல்லும் குச்சியைப் பிற்பகலில் வடிகட்டிப் பிரித்துப் பார்ப்பது அங்கே யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. உலகத்தரம் வேண்டுமென்றால் உள்ளூர் அறிவை வாசலில் கழற்றிவிட்டு வர வேண்டும் என்ற எண்ணம் அந்த வளாகத்தில் இல்லை. நான் ஏங்குவது அதற்காகத்தான்.

கல்வித் துறைப் பேராசிரியர் பாப்ஸ் ஃபஃபுன்வா தொடங்கிய தொடக்கப்பள்ளித் திட்டமும் அப்படித்தான். முதல் மூன்று வகுப்பு யோருபா, பிறகு ஆங்கிலம் என்பது அந்நாள் வழக்கம். 1970இல் இஃபே பல்கலைக்கழகம் ஒரு பள்ளியைத் தேர்ந்து, ஆறு வகுப்பும் யோருபாவிலேயே நடத்தியது. ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும் இருந்தது. கணக்கு, அறிவியல் புத்தகங்களைப் புதிதாக எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகப் படித்தார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. பள்ளிப்படிப்பு முழுவதையும் தமிழில் முடித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில வேதியியலைக் கண்டு மிரண்டவள் நான். அந்தச் சோதனையின் முடிவுகளைக் கேள்விப்பட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம்மிடம் இன்னும் நடந்துகொண்டிருக்கும் வாதத்துக்கு ஆப்பிரிக்காவின் ஒரு தொடக்கப்பள்ளி அன்றைக்கே சான்று வைத்துவிட்டது.

இரவுகளுக்கு ஒடுடுவா அரங்கம் இருந்தது. ஒரே மேடையின் ஒரு பக்கம் கூரையிட்ட மண்டபம், மறுபக்கம் திறந்தவெளிப் படிக்கட்டு. நாடக ஆசிரியர் வோலே சொயிங்கா அப்போது அங்கே பேராசிரியர். நாடகம் ஒருபுறம் இருக்க, இபாதான்-இஃபே சாலையில் தன் மாணவர்கள் விபத்தில் மடிவதைப் பொறுக்காமல், ஓயோ மாநிலத்தில் சாலைப் பாதுகாப்புப் படை அமைக்க இறங்கியவர் அவர். 1985இல் இஃபேயை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு நோபல் பரிசு வந்தது.

அந்த 1986தான் எங்களுக்கும் திருப்பம். 1980இல் ஒரு நைரா கொடுத்தால் ஒன்றரை டாலருக்கு மேல் கிடைத்தது. 1986 செப்டம்பரில் நாணயத்தைச் சந்தையின் போக்கில் விட்டார்கள். சில மாதங்களிலேயே ஒரு டாலருக்கு மூன்று, நான்கு நைரா ஆயிற்று. வெளிநாட்டு ஆய்விதழ்கள் நின்றன. கரைப்பான் தீர்ந்தால் அடுத்த புட்டி வரவில்லை. முதலில் எங்களைப் போன்றவர்கள் கிளம்பினோம். பிறகு நைஜீரிய ஆசிரியர்களே சவூதிக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். 1987 மே மாதம் ஒபாஃபெமி அவோலோவோ மறைந்தார். சில நாளிலேயே பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். மேற்கு மண்டலத்துக்கு இலவசக் கல்வி தந்த தலைவர், பொருத்தமான பெயர்தான். ஆனால் பழைய மாணவர்கள் சந்தித்தால் இன்றும் 'கிரேட் இஃபே!' என்றுதான் முழங்குவார்கள். நாங்கள் பெட்டி கட்டியது அந்த 1987இல்தான்.

2022இல் நைஜீரியப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் வேலைநிறுத்தம் பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை நீண்டது. அப்போது என் பழைய மாணவர் ஒருவர் அங்கிருந்து பேசினார். அவரே இப்போது பேராசிரியர். எட்டு மாதமாகச் சம்பளம் இல்லை. அரசாங்கத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் குமுறினார். பிறகு, தன் முதுகலை மாணவி ஒருத்தி பூட்டிய ஆய்வுக்கூடத்தைத் திறக்கச் சொல்லித் தினமும் வந்து நிற்கிறாள் என்றார். எந்தச் செடி என்று கேட்டேன். வேர், பட்டை, கரைப்பான் என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.