தஞ்சாவூருக்கு இரண்டு மணி நேரம் போதாது!

காலை பதினொரு மணி. தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நிற்கிறது. "பன்னெண்டரைக்குள்ள எல்லாரும் வண்டிக்கு வந்துருங்க, மதியச் சாப்பாடு திருச்சியிலதான்" என்று டிரைவர் அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் இறங்கி ஓடுகிறார்கள். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் கல் தரை தோசைக்கல்லாகக் காய்கிறது. பெரியவர்களே குதித்துக் குதித்துத்தான் நடக்கிறார்கள். கூட வந்த பாட்டி இரண்டாவது கோபுரத்து நிழலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். "நீங்க பாத்துட்டு வாங்கப்பா, நான் இங்கருந்தே கும்பிட்டுக்கறேன்."

இந்தக் காட்சியைக் கோடை விடுமுறையில் எந்த நாள் போனாலும் பார்க்கலாம். வாழ்நாளில் ஒருமுறையாவது பெரிய கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்த பாட்டி, நந்திக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறார். குற்றம் கோயிலிலும் இல்லை, வெயிலிலும் இல்லை. போன நேரம்தான் தப்பு. நவக்கிரகக் கோயில்களுக்கும் திருச்சிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் பார்க்கிற ஊர் அல்ல தஞ்சாவூர். இரண்டு இரவு தங்கினால் ஊரும் புரியும், பாட்டியின் பாதமும் பிழைக்கும்.

எங்கே தங்கலாம்?

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ராத்திரி கிளம்பி விடியும் நேரத்தில் கொண்டுவந்து விடும் உழவன் எக்ஸ்பிரஸ் வசதி. விமானத்தில் வந்தால் திருச்சியில் இறங்கி அறுபது கிலோமீட்டர் சாலைப் பயணம். பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊருக்குள் இருப்பது பழைய பஸ் ஸ்டாண்ட்; புதிய பஸ் ஸ்டாண்ட் ஊருக்கு வெளியே. "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்" என்று ஆன்லைனில் பார்த்து ரூம் போடுபவர்கள் எந்த பஸ் ஸ்டாண்ட் என்று கேட்டுக்கொள்ளாவிட்டால், ஒவ்வொரு முறை வெளியே போகவும் ஆட்டோவுக்குக் காசு அழ வேண்டியிருக்கும்.

வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் ரயில் நிலையத்துக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் இடையில் உள்ள காந்திஜி சாலைப் பக்கம்தான் சரி. சுற்றுலாத் துறையின் தமிழ்நாடு ஓட்டல் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. சின்ன லாட்ஜ் முதல் ஏ.சி. ஓட்டல் வரை சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். பெரிய கோயிலுக்கு ஆட்டோவில் ஐந்து, பத்து நிமிடம். பட்ஜெட் கொஞ்சம் தாராளம் என்றால் பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்துகிற பாரம்பரிய ஓட்டல் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வெண்ணாற்றங்கரைப் பக்கம் தோப்புக்குள் ரிசார்ட்டும் உண்டு. ஆற்றைப் பார்த்தபடி அறை என்பதற்காகவே பணம் கட்டுவதாக இருந்தால் மாதத்தையும் பாருங்கள். மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12. ஜனவரிக் கடைசியில் அணையை மூடிவிட்டால் மறுபடி திறக்கும் வரை இந்தப் பக்கத்து ஆறுகளில் பெரும்பாலும் மணல்தான்.

பெரிய கோயில் சதய விழா (ஐப்பசி), திருவையாறு தியாகராஜர் ஆராதனை (பெரும்பாலும் ஜனவரி) நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம். அந்த நாட்களில் வருபவர்கள் முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம்.

கோயிலுக்கு இரண்டு முறை

ஒரே கோயிலுக்கு இரண்டு தடவையா என்று கேட்கலாம். காலை ஆறு மணிக்கு நடை திறந்த கையோடு ஒரு தடவை, அன்றைக்கோ மறுநாளோ சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இன்னொரு தடவை. நடுவில் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் அந்த நேரத்தில் போவதில் பிரயோஜனம் இல்லை.

காலையில் கிழக்கு வெயில் நேராக விமானத்தின் முகத்தில் விழும். 216 அடி உயரக் கல் மலை மெல்ல மெல்ல நிறம் மாறுவதை நந்தி மண்டபத்துப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். தரை சில்லென்று இருக்கும். கூட்டம் இருக்காது. கிளிச் சத்தம் கேட்கும். ராஜராஜ சோழன் இந்தக் கோயிலைக் கட்டி முடித்தது 1010-ல். நந்தி மட்டும் பின்னால் நாயக்கர் காலத்தில் வந்தது.

சாயங்காலம் போவதற்கு வேறு ஒரு காரணம் இருக்கிறது. "இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்று எத்தனை பேர் எத்தனை தலைமுறையாகச் சொல்லியிருப்பார்கள்! சூரியன் மேற்கே இறங்கும்போது விமானத்தின் நிழல் கிழக்குப் பக்கம் நீளமாகப் பிராகாரத்தில் படுத்துக் கிடக்கும். பிள்ளைகளை அந்த நிழலின் மேலேயே நடக்க விடலாம். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்பதும் இப்படித்தான். பல கற்களைச் சேர்த்துச் செய்தது அது. கட்டுக்கதைகளைக் கழித்துவிட்டால் கோயில் குறைந்துவிடாது. கல்வெட்டைப் படித்தாலே போதும். ஊர் ஊராக வரவழைத்த நானூறு ஆடல் மகளிருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை அரசன் எழுதி வைத்திருக்கிறான். மேல் தளத்தில் 108 நடனக் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81-ஓடு நிறுத்திவிட்டார்கள். மிச்ச 27-க்கான கற்கள் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றன. அந்தப் பகுதிக்குள் பொதுமக்களை விடுவதில்லை. உள்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களுக்கும் அதே நிலைதான்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். விமானத்தின் வடக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் மாதிரி ஓர் உருவம் இருக்கிறது. யார் முதலில் கண்டுபிடிக்கிறார்கள் என்று பந்தயம் வைத்தால் அரை மணி நேரம் பெரியவர்களுக்கு நிம்மதி.

இருட்டியதும் விளக்குகள் போடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து புல்தரையிலும் பிராகாரத்திலும் உட்கார்ந்து கதை பேசுகிற நேரம் அது. கல் தரையில் பகல் சூடு இதமாக மிச்சமிருக்கும். பிரதோஷ நாளில் மட்டும் இந்த அமைதியை எதிர்பார்க்கக் கூடாது. நந்தி அபிஷேகம் பார்க்க ஊரே திரண்டுவிடும்.

பகல் வெயிலுக்கு அரண்மனை

வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துக்கு அரண்மனைதான் ஒதுங்க ஏற்ற இடம். நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் விரிவாக்கிய வளாகம். பராமரிப்பில் மாற்றாந்தாய் மனப்பான்மை தெரியும். ஒரு மூலை பளிச்சென்று இருக்கும், அடுத்த மூலை காரை பெயர்ந்து நிற்கும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட் என்பதால் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துக் களைத்துப்போக வேண்டாம். இரண்டு இடங்களைத் தவறவிடக் கூடாது.

ஒன்று, கலைக்கூடம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள் வரிசையாக நிற்கும் இங்கே, திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகனரைத் தேடிப் போங்கள். 1011-ஐச் சேர்ந்தவர். பாம்புகளையே தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, ஒரு காலை ஒயிலாக மடித்து, காளையின் மேல் கையைச் சாய்த்து நிற்கிறார். காளைதான் இல்லை. ஆனால் அந்தக் கை சாய்ந்திருக்கிற தோரணையில், காளை அங்கேதான் நிற்கிறது என்று தோன்றும்.

இன்னொன்று, சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம். சிறியதுதான். 1832-ல் மறைந்த இரண்டாம் சரபோஜி மன்னர் சேர்த்த ஓலைச்சுவடிகளும் புத்தகங்களும்தான் நூலகத்தின் உயிர். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பிரெஞ்சு ஓவியரின் படங்கள் இங்கே இருக்கின்றன. யார் முகம் யாருக்குப் பொருந்துகிறது என்று குடும்பத்துக்குள் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளவும். கண் நோயாளிகளுக்கு நடந்த சிகிச்சையைப் படம் வரைந்து குறித்து வைத்தவரும் இதே மன்னர்தான். அவருடைய ஆசான் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் 1779-ல் கட்டிய தேவாலயம் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா வளாகத்தில் நிற்கிறது. மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் கையை மன்னர் பிடித்திருக்கும் பளிங்குச் சிற்பம் உள்ளே இருக்கிறது.

சாப்பாடு, கடைவீதி

சாம்பார் பிறந்ததே தஞ்சை மராட்டியர் சமையலறையில்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். கதைதான், ஆதாரம் கேட்டால் இன்னொரு கரண்டி சாம்பார்தான் ஊற்றுவார்கள். அதைவிட, காலை டிபனுக்கு 'கடப்பா' இருக்கிறதா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காயும் சோம்பும் மணக்க இட்லிக்குத் தொட்டுக்கொள்வது. எல்லா ஓட்டலிலும் எல்லா நாளும் கிடைக்காது. கிடைத்த அன்று இட்லி எண்ணிக்கையில் கணக்குப் பார்க்கக் கூடாது. இனிப்புக்குச் சந்திரகலா. உள்ளே கோவா, வெளியே ஜீராவில் ஊறிய மொறுமொறுப்பு. பாட்டிக்குச் சர்க்கரை இருந்தால் பாதியோடு நிறுத்திவிடவும்.

தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, வீணை, நெட்டி வேலை எல்லாமே புவிசார் குறியீடு பெற்றவை. இரண்டு மணி நேரத்தில் ஓடுகிறவர்கள் கோயில் வாசலில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தங்குகிறவர்களுக்கு நிதானமாகப் பார்க்க நேரம் உண்டு. விலையும் தரமும் தெரிந்துகொள்ள முதலில் காந்திஜி சாலை பூம்புகார் விற்பனை நிலையத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பிறகு பட்டறைகளுக்குப் போகலாம். வீணை செய்யும் இடத்தில் பண்ருட்டிப் பலா மரம் குடமாகக் குடையப்படுவதையும், நுனியில் யாளி முகம் எழுந்து வருவதையும் பார்த்த பிள்ளைகள் செல்போனைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுகிறார்கள். வாங்குகிறீர்களோ இல்லையோ, வேலை நடக்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு போட்டோ எடுப்பது மரியாதை.

இரண்டாம் நாள் மாலை

பதிமூன்று கிலோமீட்டரில் திருவையாறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வழியில் குறுக்கிடும் ஆறுகளைப் பிள்ளைகள் பாலம் பாலமாக எண்ணிக்கொண்டு வரலாம். ஐயாறப்பர் கோயில், பக்கத்தில் காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி. ஆராதனை நாட்கள் தவிர மற்ற நாளில் அங்கே அமைதிதான். படித்துறையில் கால் நனைத்து உட்காரலாம். தண்ணீர் வேகமாக ஓடும் மாதங்களில் பிள்ளைகள் கையை விடக் கூடாது. திரும்பும் வழியில் சூடாக அசோகா அல்வா. கல்லணையையும் தாராசுரத்தையும் இதே பயணத்தில் அடக்கப் பார்ப்பவர்கள் மறுபடி வேன் டிரைவர் கணக்குக்குத்தான் போய்ச் சேருவார்கள். அவற்றுக்கு இன்னொரு நாள் வேண்டும்.

ஊருக்குத் திரும்பும்போது தலையாட்டி பொம்மையைப் பெட்டிக்குள் திணிக்க வேண்டாம். நடன மங்கை பொம்மை நாலு துண்டாகப் பிரியும்; கடையில் கேட்டால் பிரித்துத் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போய் அடுக்கிக்கொள்ளலாம். தலைப் பகுதியை மட்டும் பாட்டி மடியில் வைத்துக்கொள்வது பத்திரம்.