மாட்டாதீங்க சார்

மனநல மருத்துவமனை ஒன்றின் இளையோர் வார்டில் ஓவியப் பட்டறை நடத்தி வருகிறேன். அங்கே சிகிச்சையில் இருந்த ஒரு பெண் வரைந்த படத்தை, வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகும், நாலு பேர் பார்க்கச் சுவரில் மாட்டினேன். அதோடு நிற்கவில்லை. போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கிலும் போட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எவ்வளவு தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பென்சில் சீவும் ஷார்ப்னர் வார்டுக்குள் போகக் கூடாது. அதில் பிளேடு இருக்கிறது. வீட்டிலேயே சீவி எடுத்துப் போவேன். முடிந்ததும் எண்ணி வாங்குவேன். கத்தரிக்கோல் கிடையாது, காகிதத்தைக் கையால்தான் கிழிக்க வேண்டும். மருந்தினால் சில பிள்ளைகளுக்குக் கை நடுங்கும். மெல்லிய பிரஷ் கொடுத்தால் கோடு இழுபட்டுப் போகும், கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார்கள். அதனால் பட்டையான பிரஷ், பெரிய சார்ட். காலையில் மாத்திரை மயக்கம் தெளியாது என்று மதியத்துக்கு மேல்தான் உட்காருவோம். இதிலெல்லாம் நான் அவ்வளவு கவனம்.

புதிதாக வரும் தன்னார்வலர்களுக்குப் பாடம் எடுப்பவனும் நானே. 1946-இல் இங்கிலாந்தின் நெதர்ன் மருத்துவமனையில் ஓவியக்கூடத்தைத் தொடங்கிய எட்வர்ட் ஆடம்சனைப் பற்றிச் சொல்வேன். நோயாளிகள் வரையும்போது திருத்தாமல், இதற்கு இதுதான் அர்த்தம் என்று சொல்லாமல், கூட இருந்தவர் அவர். ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்னைப் பற்றியும் சொல்வேன். மனநல விடுதிகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான படங்களை ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் சேர்த்து, 1922-இல் அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதினார். மதிப்போடுதான் சேர்த்தார். பிற்பாடு நாஜிகள் அந்தச் சேகரிப்பிலிருந்து படங்களை எடுத்து, நவீன ஓவியர்களை இழிவுபடுத்த நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் வைத்தார்கள். வரைந்தவர்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள் என்று நான் குரலை உயர்த்துவது இந்த இடத்தில்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் எனக்குத் தெரியும். சிகிச்சையில் இருப்பவரைப் பற்றிய படமோ தகவலோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குப் போகக் கூடாது என்கிறது 24-ஆம் பிரிவு. இணைய வெளிக்கும் அந்த ரகசியக் காப்பு உண்டு.

உலக மனநல நாளுக்காக, அக்டோபர் 10 அன்று, வராந்தாவில் படங்களை வைத்தோம். அவள் தன் வீட்டை வரைந்திருந்தாள். அதில் ஒரு அடையாளம் இருந்தது. அந்தத் தெருக்காரர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். அது என்ன என்று இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை காட்டிக்கொடுத்தது போதும். இதை எழுதுவதற்கு அவளிடம் கேட்க வழியில்லாததால் மற்ற விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

"இத மாட்டாதீங்க சார்" என்றாள்.

"உன் பேரே போடலம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் பதில் பேசவில்லை. சரி என்கிறாள் என்று வைத்துக்கொண்டேன். சரி இல்லை என்பது அவள் முகத்திலேயே இருந்தது. பெரியவர்கள் முடிவெடுத்த பிறகு பேசிப் பிரயோசனமில்லை என்று அந்த வார்டில் பழகிப்போன பிள்ளை அவள். அந்தப் பழக்கத்தைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

ஏன் செய்தேன்? மற்ற படங்களில் மலையும் சூரியனும் பூவும் இருந்தன. நின்று பார்க்க வைக்கும் படம் அது ஒன்றுதான். என் சொந்த ஓவியங்களின் முன் யாரும் அப்படி நின்றதில்லை. அவள் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வந்தவர்களின் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். ராத்திரி ஃபேஸ்புக்கில் போட்டது அது போதாமல்தான்.

அந்தத் தெருவில் யாரோ பார்த்தார்கள். அங்கிருந்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. மகள் வெளியூரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. "இனிமே அவ எப்படி சார் பள்ளிக்கூடம் போவா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பதிவை அன்றே நீக்கினேன். மற்றவர்கள் பகிர்ந்ததை நான் எப்படி நீக்க முடியும்?

இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று மருத்துவர் சொல்லியும், அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனார். நன்றாகத் தேறிவந்த பெண். சிகிச்சை பாதியில் நின்றதற்குக் காரணம் நோய் அல்ல, நான். அடுத்த பட்டறையில் ஒரு பையன் சார்ட்டைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான். "சார் போட்டோ எடுப்பார்" என்று பக்கத்துப் பையனிடம் சொன்னான்.

இதைவிடக் கேவலமான ஒன்று பாக்கி இருக்கிறது. யார் அனுமதி கொடுத்தது என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளர் கேட்டார். பட்டறை போய்விடும், பேர் போய்விடும் என்று பயந்தேன். "அவங்கம்மாகிட்ட வாயால கேட்டேன், சரின்னாங்க" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சம்பளம் வாங்காமல் வருகிற சாரின் பேச்சை யாரும் சந்தேகப்படவில்லை. மகளை ஊருக்குக் காட்டிக்கொடுத்தவர் என்று அந்தப் பதிவேட்டில் இப்போது நிற்பது அந்த அம்மாதான். இந்தப் பொய்யின் தயவில்தான் பட்டறை இன்றும் என் கையில் இருக்கிறது.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியைச் சமூகப் பணியாளரிடம் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் இருக்கும் அந்த வரியை அடித்துவிட்டு, யாருடைய சம்மதமும் இல்லாமல் நான் மாட்டினேன் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பட்டறையை நான் தொடர்ந்து நடத்தலாமா கூடாதா என்பதை மருத்துவமனை முடிவு செய்யட்டும்.