படிவத்தில் எழுதும் உண்மை

மும்பை மாநகரின் வடகிழக்கே அமைந்த புறநகர் பாண்டுப். மேற்கே குன்றுகளும் காடும். கிழக்கே உப்பளங்களும் தானே கழிமுகமும். இடையில் இருப்புப்பாதையும், முன்னாளில் ஆக்ரா சாலை எனப்பட்ட லால் பகதூர் சாஸ்திரி சாலையும் செல்கின்றன. மராத்திய மக்களோடு தமிழ்க் குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன. பேருந்தும் சரக்குந்தும் ஆட்டோவும் மகிழுந்தும் நெருக்கியடித்துச் செல்லும் அச்சாலையில் வண்டியோடு வண்டி உரசுவது அரிதன்று. உரசலில் உயிருக்குத் தீங்கில்லை என்று அறிந்ததும் மனம் ஆறுகிறது. அடுத்த நொடியில் எழும் கேள்வி, "செலவை யார் ஏற்பது?" என்பதே.

அதற்கு விடையாக நிற்பது காப்பீடு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பொதுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. ஒருவரது வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது அது. தன் வண்டிக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்யும் காப்பீடு அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டைப் பலர் விபத்துக்குப் பின்னரே அறிகின்றனர்.

விபத்து நேர்ந்ததும் செய்ய வேண்டியவை சில. யாருக்கேனும் காயம் உண்டா என்று முதலில் பார்த்தல் வேண்டும். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி செய்து, காவல் நிலையத்திற்கும் தெரிவித்தல் கடமை. பின்னர் சேதத்தையும் இரு வண்டிகளின் எண்களையும் படம் எடுத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்திற்குக் காலம் தாழ்த்தாது தகவல் தருதல் வேண்டும். காப்பீட்டுச் சான்று, பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றோடு இழப்பீட்டுப் படிவத்தை நிரப்பித் தரவேண்டும். நிறுவனத்தின் சார்பில் சேதம் பார்வையிடப்படும் முன்னர்ப் பழுது நீக்கத் தொடங்குதல் கூடாது.

எல்லாச் சிறு சேதத்திற்கும் இழப்பீடு கோருவது அறிவுடைமை ஆகுமா? ஓர் எளிய கணக்கு இதற்கு விடை தரும். உடைந்த முன்பக்க நெகிழித் தடுப்பின் விலை 4,000 ரூபாய், வேலைக்கூலி 2,000 ரூபாய் எனக் கொள்க. பொதுவான காப்பீட்டில் நெகிழிப் பொருளுக்குத் தேய்மானம் பாதி. ஆகவே அதற்குக் கிடைப்பது 2,000 ரூபாய். கூலியையும் சேர்த்தால் 4,000 ரூபாய். சிறிய மகிழுந்துக்கு உரிமையாளர் கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 ரூபாயைக் கழித்தால் கைக்கு வருவது 3,000 ரூபாயே.

இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. அது முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி 25, 35, 45 என வளர்ந்து 50 விழுக்காட்டை எட்டும். தன் சேதக் காப்பீட்டிற்கான கட்டணம் 10,000 ரூபாயாக இருந்து, அதில் பாதியைத் தள்ளுபடியாகப் பெற்றுவந்தவர், 3,000 ரூபாய் கோரியதனால் அடுத்த ஆண்டு 5,000 ரூபாயை இழக்கிறார். அதன் பின்னும் தள்ளுபடி 20 விழுக்காட்டிலிருந்தே மீண்டும் தொடங்கும்.

கணக்கை விடக் கடினமானது படிவத்தின் இன்னொரு பகுதி. விபத்து எவ்வாறு நேர்ந்தது, வண்டியை ஓட்டியவர் யார் என்று அது கேட்கிறது. "பழைய நசுங்கலையும் இதோடு சேர்த்துவிடலாம்" என்று பணிமனையில் ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் பழைய காயத்தில் துருவும் தூசியும் படிந்திருக்கும். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அதனை எளிதில் கண்டுகொள்வார். உரிமம் பெறும் வயதை எட்டாத மகன் ஓட்டியிருக்க, தந்தை தம் பெயரை எழுத முனைவதும் உண்டு. பாசத்தால் செய்வதாயினும் அது பொய்யே. பொய் வெளிப்பட்டால் இழப்பீடு முழுவதும் மறுக்கப்படலாம். மேலும் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அச்சிறுவன் 25 வயது வரை உரிமம் பெறவும் இயலாது. தந்தையின் கையெழுத்தைக் காட்டிலும், சாவியைத் தராத அவரது உறுதியே மகனைக் காப்பது.

காப்பீட்டின் அருமையை மும்பை மக்களுக்கு உணர்த்திய நாள் 2005 ஜூலை 26. அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தோர்க்கு வெள்ளச் சேதத்திற்கு ஈடு கிடைக்க வழியில்லை. நீரில் நிற்கும் வண்டியை இயக்க முயன்றால் எஞ்சினுக்குள் நீர் புகுந்து அது பழுதாகும். அப்பழுது வெள்ளத்தால் வந்ததா, உரிமையாளரின் செயலால் வந்ததா என்ற வழக்கு அப்போது எழும். நீர் சூழ்ந்த வண்டியை இயக்காமல் இழுத்துச் செல்வதே முறை.

உண்மையை எழுதியும் ஈடு மறுக்கப்பட்டால் சோர்வடைய வேண்டுவதில்லை. முதலில் நிறுவனத்திடமே எழுத்து வடிவில் முறையிடலாம். அங்குத் தீர்வு கிட்டாவிடின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அவரது அலுவலகம் மும்பையிலும் உண்டு. அங்குக் கட்டணம் இல்லை; வழக்கறிஞரும் தேவையில்லை.

காப்பீட்டு நிதி என்பது பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொதுப்பணம். விபத்தில் சிக்கியவரின் துயரை, விபத்தில் சிக்காத பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. பொய்க் கணக்கால் ஒருவர் பெறும் பணம், முகம் அறியாத பலரின் கட்டணத்தில் சுமையாக ஏறுகிறது. உரிய ஈட்டைக் கேட்டுப் பெறுவது உரிமை. உரியது அல்லாததைக் கேளாதிருப்பது கடமை.